தலையணையிலிருந்து பார்க்கும் சுவர்

(நமது மருத்துவமனையின் நண்பர்கள் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கோயம்புத்தூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் அதிகாலையில் புறப்பட்டு, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பனியில் நனைந்து வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் வந்த உங்களிடம் நான் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். போதகருக்கு இது என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெண்கள் வார்டுக்கும் குழந்தைகள் வார்டுக்கும் வர்ணம் பூசுவதற்காக நீங்கள் மனமுவந்து காணிக்கை கொடுத்திருக்கிறீர்கள். என்ன நிறம் என்று தீர்மானிக்கக் கமிட்டி கூடியது. மருத்துவர்களில் சிலர், "பளிச்சென்று வெள்ளை அடியுங்கள், அதுதான் சுத்தம்" என்றார்கள். இளம் நர்சுகள் ரோஜா நிறம், வான நீலம் என்று ஆசைப்பட்டார்கள். நன்கொடையாளர்களில் ஒருவர், "எடுப்பான நிறமாக இருக்கட்டும், ஐயா, அப்போதுதான் பணம் செலவானது கண்ணுக்குத் தெரியும்" என்றார். மூவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கடைசியில் ஒருவர், "போதகர்தான் தினமும் கட்டிலண்டை உட்காருகிறார். வியாதியஸ்தர்களைக் கேட்டு அவரே சொல்லட்டும்" என்றார். அப்படித்தான் இந்தக் காரியம் என் கைக்கு வந்தது.

நான் கேட்டேன், பார்த்தேன், விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். முடிவில் கமிட்டி ஏற்றுக்கொண்ட நிறம், பார்த்த மாத்திரத்தில் என்ன நிறம் என்று பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். வெள்ளைப் பெயிண்ட்டில் சிறிதளவு மஞ்சள் காவியும், அதைவிடக் குறைவாகக் கறுப்பும் கலந்தால் வருவது. வெளுக்காத காடாத் துணியின் நிறம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். கடைக்காரர்கள் இந்த வகை நிறங்களை ஆஃப் ஒயிட், ஐவரி, கிரீம், பிஸ்கட் என்று பல பெயர்களில் விற்கிறார்கள். நாம் நடுநிலை நிறம் என்று வைத்துக்கொள்வோம். இதை ஏன் தெரிந்துகொண்டோம் என்பதை நான்கு காரியங்களாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, சுவர் வியாதியஸ்தரின் முகத்தை உள்ளபடி காட்ட வேண்டும்.

நிறமுள்ள சுவர் சும்மா இருப்பதில்லை. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது அந்தச் சுவரின் நிறத்தையும் தன்னோடு கொண்டுவருகிறது. மஞ்சள் சுவர் உள்ள அறையில் வெள்ளைப் படுக்கை விரிப்பும் லேசாக மஞ்சளாகத் தெரியும். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் கன்னத்தில் பச்சை சாயும். வீட்டு வரவேற்பறையில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆஸ்பத்திரியில் அப்படியல்ல. மருத்துவரும் நர்சும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். இரத்தசோகையால் வெளுத்த கண்ணிமை, காமாலையால் மஞ்சளான விழி, மூச்சுத் திணறி நீலம் பாய்ந்த உதடு, இவற்றையெல்லாம் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கண்தான் கண்டுபிடிக்கிறது. பிறந்த குழந்தைகளின் அறைக்கு மஞ்சளும் நீலமும் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதனால்தான். மஞ்சள் சுவர் காமாலையைப் பற்றி ஏமாற்றும். நீலச் சுவர் நீலம் பாய்வதைப் பற்றி ஏமாற்றும்.

பல வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் நான் ஊழியம் செய்தபோது, பிறந்த குழந்தைகளின் அறைக்கு அழகான எலுமிச்சை மஞ்சள் அடித்திருந்தார்கள். அங்கிருந்த மூத்த சிஸ்டர் அந்த அறையின் வெளிச்சத்தை நம்பவே மாட்டார். ஒவ்வொரு குழந்தையையும் துணியில் சுற்றி வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தாயிடம் கொடுப்பார். அவர் ஓய்வு பெற்றுப் போனார். பின்னால் வந்த இளம் பெண்களுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. ஒரு குழந்தையின் காமாலை ஒரு நாள் தாமதித்தே கவனிக்கப்பட்டது. ஆண்டவருடைய கிருபையால் குழந்தை பிழைத்தது. அந்த ஒரு நாள் முழுவதும் அதன் தாய் அழுத அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது.

நம் நீலகிரியில் இந்தக் காரியத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அரிவாள் செல் இரத்தசோகை என்ற பரம்பரை நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான இடங்களில் நமது மலையும் ஒன்று. 1952-ஆம் ஆண்டு லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு எழுதினார்கள். கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையும் இந்த நோய்க்காக ஆண்டுக்கணக்கில் உழைத்து வருகின்றன. இந்த நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதால் உடம்பு வெளுக்கும், கண் மஞ்சளாகும். காட்டோரக் கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து வருகிற ஒரு பனியர் குலப் பிள்ளையோ, இருளர் பிள்ளையோ நம் கட்டிலில் படுக்கும்போது, அந்தக் கண்ணில் உள்ள மஞ்சள் பிள்ளையுடையதா, சுவருடையதா என்ற சந்தேகம் நர்சுக்கு வரலாகாது.

அறுவை அரங்குகளில் மட்டும் ஏன் பச்சை அடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் இதே நோக்கத்துக்காகத்தான். ஒரு காலத்தில் அந்த அறைகளும் வெள்ளையாகவே இருந்தன. 1914-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரின் கூச்சத்தால் காயத்தின் நுணுக்கங்கள் தெரியவில்லை என்று கண்டு, தம் அரங்கைப் பசலைக் கீரை நிறத்துக்கு மாற்றினார். இரத்தத்தின் சிவப்பையே நெடுநேரம் பார்த்த கண் வெள்ளையைப் பார்த்தால் அங்கே பச்சை நிழல் மிதக்கும். சுற்றுப்புறம் பச்சையாக இருந்தால் அந்த நிழல் அதில் அடங்கிவிடும், கண்ணும் இளைப்பாறும். அறுவை அரங்கில் பார்க்க வேண்டியது சிவப்பு. அதற்குப் பச்சை உதவுகிறது. வார்டில் பார்க்க வேண்டியது மனிதத் தோலின் எல்லா நிறங்களும். அதற்கு நடுநிலை நிறமே உதவுகிறது.

இரண்டாவது, நிறத்தைத் தலையணையிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கமிட்டியில் நாங்கள் எல்லாரும் வாசற்படியில் நின்றுதான் வார்டைப் பார்த்தோம். பார்வையாளரும் நன்கொடையாளரும் அப்படியே பார்க்கிறார்கள். கட்டிலில் கிடக்கிறவர் பார்ப்பது வேறு. இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் மல்லாந்து கிடந்த ஒரு மூதாட்டியிடம், "அம்மா, இந்தச் சுவரில் என்ன நிறம் அடிக்கலாம்?" என்று கேட்டேன். "சுவத்த எங்கய்யா நான் பார்த்தேன்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தக் கூரையும் இந்த லைட்டுந்தான். கண்ண மூடினாலும் வெள்ளையாவே தெரியுது" என்றார். நானும் பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

இதை முன்னமே உணர்ந்து கட்டப்பட்ட ஓர் ஆஸ்பத்திரி உண்டு. ஃபின்லாந்து தேசத்தில் பைமியோ என்ற ஊரில், அல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த காசநோய் மருத்துவமனை 1933-இல் முடிந்தது. மாதக்கணக்கில் படுத்தே கிடக்கும் காசநோயாளிகளுக்கான அறை அது. ஆகவே அவர் சுவர்களை வெளிர் நிறத்தில் வைத்து, கூரையை அதைவிடச் சற்று அழுத்தமான, கண்ணுக்கு இதமான பச்சையில் பூசச் செய்தார். விளக்கும் படுத்திருப்பவரின் கண்ணில் நேராக விழாதபடி பொருத்தப்பட்டது. நிற்கிறவருக்கான அறை வேறு, படுத்திருப்பவருக்கான அறை வேறு என்பதை அவர் மறக்கவில்லை.

நம் மலையில் மேகம் அதிகம், வெளிச்சம் குறைவு. அதனால் கூரையை அவ்வளவு அழுத்தமாக்க நாம் துணியவில்லை. சுவரின் நிறத்தையே இன்னும் வெளிறச் செய்து, பளபளப்பில்லாத மேட் பெயிண்ட்டில் கூரைக்கு அடிக்கப் போகிறோம். தலையணைக்கு நேர் மேலே உள்ள விளக்குகளை நடைபாதைப் பக்கம் மாற்றப் போகிறோம்.

நீலகிரியின் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமவெளியில் வெயில் மஞ்சளாக அடிப்பதால் அங்கே வெள்ளைச் சுவர் குளிர்ச்சியாக இருக்கும். இங்கே ஜன்னலுக்கு வெளியே நிற்பதே வெள்ளைப் பனிமூட்டம். அதோடு சுவரும் சுத்த வெள்ளையாக இருந்தால் அறை நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். போர்வை போர்த்தியிருந்தும் குளிர்வது போலிருக்கும். நாம் இருப்பது வட அட்சம் ஏறக்குறைய 11½ டிகிரி. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரையில்தான் உச்சி வெயில் வடக்கே சாயும். மற்ற எட்டு மாதங்களும் சூரியன் தெற்கே இருக்கிறது. ஆகவே டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் வடக்குப் பார்த்த வார்டுக்கு நேர் வெயில் கிடையாது. அப்படிப்பட்ட அறைக்கு மஞ்சள் காவி சாயல் சிறிது கூடுதலாகவும், தெற்குப் பார்த்த அறைக்கு அதுவே குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டு வார்டுக்கும் ஒரே டப்பா பெயிண்ட்டை அடித்தால் இரண்டு நிறமாகத் தெரியும். கலவையைச் சற்று மாற்றினால்தான் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்.

இப்படி ஒரே சாந்தமான நிறமாக அடித்தால் வியாதியஸ்தருக்கு அலுப்புத் தட்டாதா என்று ஒரு சகோதரி கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே, செவிலியர் பணியைக் குறித்து 1859-இல் எழுதிய நூலில், ஒரே சுவரையும் ஒரே கூரையையும் நாளெல்லாம் பார்த்துக் கிடப்பது நோயாளியின் நரம்புகளை எவ்வளவு வாட்டுகிறது என்று சொல்லி, பூக்களும் வர்ணமுள்ள பொருள்களும் கட்டிலருகே வேண்டும் என்கிறார். நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம். மாறக்கூடிய பொருள்களுக்கு நிறம் கொடுப்போம். மாறாத சுவரை அமைதியாக விடுவோம். ஜாடியில் பூ வாரந்தோறும் மாறும், போர்வை மாறும், ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவும் சில்வர் ஓக் மரங்களும் மணிக்கொரு கோலம் கொள்ளும். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் என்ற ஆராய்ச்சியாளர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைக்குப் பின் தேறிவந்த 46 பேரை ஒப்பிட்டதில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நமக்கு ஜன்னலுக்கு வெளியே ஆண்டவர் வரைந்த படம் இலவசமாக இருக்கிறது. சுவர் அதோடு போட்டி போடாமல் இருந்தால் போதும்.

நம் தோடர் மக்களின் சால்வையைப் பாருங்கள். அதன் முரட்டுப் பருத்தித் துணி பழுப்பு கலந்த வெண்மை. அதன்மேல் சிவப்பும் கறுப்புமான நூலால் பெண்கள் பூவேலை செய்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. அந்தத் துணியும் சிவப்பாக இருந்தால் பூ எங்கே தெரியும்?

மூன்றாவது, சுவர் எல்லாருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிறம் சும்மா நிறமாக மட்டும் இருப்பதில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறத்துக்குக் கட்சி உண்டு, மதம் உண்டு, மங்கலமும் அமங்கலமும் உண்டு. வெள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். படுகர் சமுதாயத்துத் தாய்மாருக்கு வெள்ளை ஆடை பாரம்பரியமும் கௌரவமும். சமவெளியிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு வெள்ளைச் சேலை விதவைக்கோலத்தை நினைப்பூட்டும். ஒரே வார்டில் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கிறார்கள். கோத்தரும், குறும்பரும், கேரளத்திலிருந்து வந்தவர்களும், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்து இந்த மலையில் குடியேறிய தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் அங்கேதான் படுக்கிறார்கள். அவர்களில் யாரும், "இது என் இடமல்ல" என்று நினைக்கும்படி சுவர் ஒரு பக்கம் சேர்ந்துவிடக் கூடாது.

மிகவும் பளபளப்பான வெள்ளையும் ஏழையை விலக்கி நிறுத்திவிடுகிறது. தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் பிரசவத்துக்கு வந்த தம் மகளோடு மூன்று நாள் தங்கியிருந்தார். ஸ்டூலில் முதுகு சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். "சாய்ந்துகொள்ளுங்கள் அம்மா" என்றேன். "வேணாங்கய்யா. மலையில கொழுந்து எடுத்துட்டு நேரா வந்தவ. சாஞ்சா சுவத்துல கறை ஒட்டிக்கும், சிஸ்டரு கோவிச்சுக்குவாங்க" என்றார். லைன் வீட்டில் விறகுப் புகையேறிய சுவர்களோடு வாழ்கிற ஒருவர், நம் சுவருக்கு அழுக்காகிவிடுமே என்று மூன்று நாள் முதுகு நோக உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு நான் ஒரு தீர்மானம் செய்தேன். தரையிலிருந்து நான்கு அடி உயரம் வரை சற்று அழுத்தமான கல் நிறத்தில், ஈரத் துணியால் துடைக்கக்கூடிய பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கமிட்டியில் பிடிவாதமாகக் கேட்டேன். செம்மண் தெறித்தாலும், தோள் பட்டாலும், ஸ்ட்ரெச்சர் உரசினாலும் அது தாங்கும். சாய்ந்துகொள்ளலாம் என்று அந்தச் சுவரே அவர்களுக்குச் சொல்லும்.

நான்காவது, சுவரின் வியாதியைப் பெயிண்ட்டால் மறைக்கக் கூடாது.

இந்த இடத்தில் எனக்கு வேதத்தின் உதவி இருக்கிறது. லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அங்கே வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறை காணப்பட்டால், வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரியன் முதலில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறான். வந்து பார்த்து, ஏழு நாள் பூட்டி வைக்கிறான். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்புறம் முழுவதையும் சுரண்டி, பட்டணத்துக்கு வெளியே கொட்டிவிட்டு, வேறு கல்லும் வேறு சாந்தும் வைத்துப் பூசக் கட்டளையிடுகிறான். கறையின்மேல் வெள்ளையடித்து மூடிவிடு என்று அவன் எங்கும் சொல்லவில்லை. மோசேயின் காலத்தில் சுவரைப் பார்ப்பது ஆசாரியனின் வேலையாக இருந்திருக்கிறது. ஆகையால் நான் பெயிண்ட்டைப் பற்றிப் பேசுவது அத்துமீறல் ஆகாது என்று நினைக்கிறேன்.

நம் வார்டுகளின் வியாதி ஓதம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையும் அடித்து ஊற்றுகின்றன. நடுவில் பனிமூட்டம். கூரைத் தகரத்தின் ஓரத்து நீர்த்தாரை உடைந்திருந்தால் தண்ணீர் சுவர் வழியே இறங்குகிறது. அடியில் வடிகால் அடைபட்டிருந்தால் மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலே ஏறுகிறது. ஏறும் நீர் கரைத்துக்கொண்டு வரும் உப்பு, காயும்போது வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. ஈரம் நின்ற இடத்தில் கறுப்பாகப் பூசணம் படர்கிறது. அதன் தூள் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சைக் கெடுக்கிறது. இதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலம் தாங்காது.

நம் பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, வருஷந்தோறும் சுண்ணாம்பே அடித்தார்கள். நீர்த்த சுண்ணாம்பில் கொஞ்சம் வச்சிரப் பசை, வெள்ளை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம், அவ்வளவுதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அது மறுபடியும் கல்லாக இறுகும். அதன் காரம் பூசணத்தை வளரவிடாது. ஈரமும் அதன் வழியே மூச்சுவிட்டு வெளியேறும். பின்னால் பளபளப்புக்காக அதே சுவர்களில் எனாமல் பெயிண்ட் அடித்தபோது, ஈரம் போக வழியில்லாமல் கொப்புளமாக வெடித்தது. ஆகவே மேல்பகுதிக்கு மூச்சுவிடும் வகைப் பெயிண்ட்டையே தேடியிருக்கிறோம்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். முற்காலத்துப் பெயிண்ட்டில் வெள்ளை நிறத்துக்கும் மற்ற நிறங்களுக்கும் ஈயம் சேர்ப்பார்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. இந்தியாவில் 2016-இல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, 2017 நவம்பர் 1 முதல் வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குமேல் ஈயம் இருக்கக் கூடாது. இன்றைய வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடுதான் ஆதாரம். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து எடுக்கக்கூடிய பொருள் அது. கறுப்பு மணலிலிருந்து அப்பழுக்கற்ற வெள்ளை வருகிறது என்பதை நினைத்து நான் பலமுறை அதிசயித்ததுண்டு. ஆனால் நம் சுவரின் அடிப்படலங்கள் அந்த விதிக்கு முந்தியவை. அவற்றை உலர்வாகத் தேய்த்தால் தூள் பறக்கும். தண்ணீர் தெளித்து நனைத்தே சுரண்ட வேண்டும். பெயிண்டர்களுக்கு முகக்கவசம் வேண்டும். வார்டு காலியாக இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஆசாரியன் எவ்வளவு ஞானமுள்ளவன், பாருங்கள்.

உங்கள் வீடுகளுக்கும் உதவும்படி ஒரு யோசனை. ஷேட் கார்டில் உள்ள சின்னக் கட்டத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். நான்கு சுவரிலும் பூசும்போது ஒன்றின் நிறம் மற்றொன்றில் பட்டு, கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். நினைத்ததற்கு ஒரு படி வெளிறிய நிறத்தை எடுங்கள். முதலில் சின்ன டப்பா வாங்கி, இரண்டு வெவ்வேறு சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசிப் பாருங்கள். காலையில், நடுப்பகலில், பனிமூட்டத்தில், இரவில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். நாம் வழக்கமாக மாட்டும் 6500 கெல்வின் டியூப்லைட் நீலம் கலந்த வெளிச்சம் தருகிறது. பகலில் இதமாகத் தெரிந்த கிரீம் நிறம் அதில் சோர்ந்துபோகும். விளக்கை முதலில் முடிவு செய்துவிட்டு, நிறத்தைப் பிறகு முடிவு செய்யுங்கள். படுக்கையறை என்றால் படுத்துப் பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் கட்டிலில் படுத்துப் பாருங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் பெயிண்ட்டுக்கென்று கொடுத்த பணத்தில் பாதிக்குமேல் நீர்த்தாரைக்கும், வடிகாலுக்கும், பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி பூசுவதற்கும் போய்விடும். அது எதுவும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மீதிப் பணத்தில் பூசும் நிறமோ, பார்த்தும் நினைவில் நிற்காத நிறம். ஈரம் குறைந்திருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் மலையில் பெயிண்ட் நன்றாகக் காயும். ஆகவே வேலையும் ஒவ்வொரு வார்டாக, மெதுவாகத்தான் நடக்கும். அடுத்த கூடுகைக்கு நீங்கள் வரும்போது, "பணம் எங்கே போயிற்று?" என்று கேட்கத் தோன்றலாம். கேளுங்கள். உங்களை மழையில் கூரையோரத்துக்கு அழைத்துக்கொண்டு போய், தண்ணீர் குழாய் வழியே ஒழுங்காக இறங்குவதைக் காட்டுகிறேன். பிறகு வார்டுக்குள் அழைத்துப்போய், கட்டிலில் இருக்கும் ஒரு பிள்ளையின் கண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த வெள்ளை விழியின் நிறம் உங்களுக்கு உள்ளபடி தெரிந்தால், உங்கள் காணிக்கை அங்கேதான் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பணம் பற்றாக்குறையாக இருப்பது குழந்தைகள் வார்டின் மேற்குப் பக்கத்துச் சுவருக்கு. மழை முழுவதும் அந்தச் சுவரில்தான் மோதுகிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், இயன்றவர்கள் அலுவலகத்தில் பேசுங்கள். கட்டில்களை மாற்றும் நாள்களில் போர்வைகளைத் துவைத்து மடிக்கவும், கர்ப்பிணித் தாய்மாருக்குத் துணையாக வராந்தாவில் உட்காரவும் ஆட்கள் வேண்டும். பணம் கொடுக்க இயலாதவர்கள் அதற்கு வரலாம்.